ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க



போன மாத வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணே, என் கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. ரேம் கூடுதலா போட்டா மட்டும் ஆன் ஆகமாட்டேங்குது. அப்போ புது ரேம் கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொல்லி, ஒரு நல்ல பிள்ளையைத் தலைகுனிய வைத்தவன் நான். அதனால் இந்த மாதப் பாடத்தை அந்தக் கதையோடு எழுதுகிறேன். கணினிப் பாடமும் இதில் இருக்கிறது, எனக்குக் கிடைத்த பாடமும் இருக்கிறது.

நடந்தது இதுதான்

என் அக்கா மகன் கல்லூரியில் அனிமேஷன் டிப்ளோமா படித்தான். வார இறுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து, சேர்த்த காசில் சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி, தானே ஒரு கணினியைப் பூட்டினான். ரைசன் 5 3600 பிராசஸர், நான்கு ரேம் துளைகள் உள்ள மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. மொத்தம் 16 ஜிபி. இறுதியாண்டு வேலையில் காட்சிகள் பெரிதாகப் பெரிதாக அந்த 16 ஜிபி போதவில்லை. பாதி ரெண்டரில் மென்பொருள் நின்றுபோனது. புதன்கிழமை வேலையை ஒப்படைக்க வேண்டும்.

சனிக்கிழமை கிள்ளானில் ஒரு பையனிடம் பழைய ரேம் ஒரு ஜோடி வாங்கினான். அதுவும் 8 ஜிபி இரண்டு, 120 வெள்ளி. அந்தப் பையனும் படிக்கிற பிள்ளைதான். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து நான்கையும் பூட்டிப் பொத்தானை அழுத்தினான். காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. புது ஜோடியைக் கழற்றிவிட்டுப் பழைய ஜோடியோடு முயன்றான். அதுவும் எழவில்லை!

"மாமா, இருந்ததும் போச்சு" என்று போன் போட்டான். குரல் உடைந்திருந்தது. நான் அடுத்த தெருதான். போனேன், இரண்டு நிமிடம் பார்த்தேன், தீர்ப்பு சொல்லிவிட்டேன்: "கெட்டுப்போன சாமானை உன் தலையில கட்டிட்டான்டா. அது உன் போர்டையும் சேர்த்து அடிச்சிருச்சு." அவன் போனை வாங்கி நானே செய்தி எழுதினேன். மரியாதையான செய்தி அல்ல. போலீஸ் புகார் என்ற சொல்லும் அதில் இருந்தது.

அந்தப் பையன் ஒரே வரி பதில் போட்டான்: "அண்ணே, என்கிட்ட நல்லா ஓடுச்சு, ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க." நான் அதையும் நம்பவில்லை. இரவு பதினோரு மணிக்கு 120 வெள்ளியையும் திருப்பி அனுப்பிவிட்டான். ரேமை எப்போது வந்து எடுத்துக்கொள்வது என்று மட்டும் கேட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏமாற்றுகிறவன் இவ்வளவு சீக்கிரம் காசைத் திருப்புவானா? மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போய், அவன் சொன்னதையே செய்தோம்.

முதலில் ரேம் என்றால் என்ன?

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் இருக்கிறது. அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த அமைப்புக்கு ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்றார். 1970-ல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லில் 1,024 பிட்டுகள் இருந்தன. இன்று உங்கள் கையில் இருக்கும் ஒரு 8 ஜிபி ரேமில் 6,870 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் இருக்கின்றன. நமக்கும் இந்தத் தொழிலுக்கும் தூரமில்லை. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையை 1972-ல் நம்ம பினாங்கில்தான் தொடங்கியது.

இந்த மின்தேக்கிகள் ஓட்டைக் குடம் மாதிரி. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் சாதாரணமாக 64 மில்லிவினாடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை படித்து மறுபடி நிரப்ப வேண்டும். இந்த வேலையையும், கேட்ட நேரத்தில் தகவலை எடுத்துத் தருகிற வேலையையும் பிராசஸருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி செய்கிறது. அதாவது ரேம் தனியாக வேலை செய்வதில்லை. ரேம், துளை, மதர்போர்டின் செப்புக் கோடுகள், பிராசஸர், பயோஸில் உள்ள அமைப்பு, இந்த ஐந்தும் ஒத்துப்போனால்தான் திரை வரும். ஐந்தில் எது தகராறு செய்தாலும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான்: கறுப்புத் திரை.

நான் செய்த முதல் தப்பு இதுதான். ஐந்து பேர் சந்தேகத்துக்கு உரியவர்கள் இருக்க, வெளியூரிலிருந்து வந்த ஒருவனை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

திறக்கும் முன்

1. கணினியை நிறுத்தி, மூன்று முள் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு ஆன் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

2. பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும்.

3. பெட்டியின் பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான். ஆனால் ஏர்கான் போட்ட, கம்பளம் விரித்த அறையில் அதை நம்ப வேண்டாம்.

4. போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எந்தத் துளையில் இருந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

5. மானிட்டர் கம்பி எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். ரைசன் 5 3600 போன்ற பிராசஸரில் திரைக்கான வசதி கிடையாது. கம்பியை மதர்போர்டில் செருகினால் எத்தனை ரேம் மாற்றினாலும் படம் வராது, கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.

6. ரேம் அதே தலைமுறையா என்று பாருங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே 288 முனைகள்தான், ஆனால் நடு வெட்டு இருக்கும் இடம் வேறு. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

ஒவ்வொன்றாக

நாங்கள் ஞாயிறு காலை செய்தது இது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் கெட்டாலும் எதனால் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தோம்.

முதல் சோதனை: நான்கு ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்தோம். பல மதர்போர்டுகளில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சிறிய விளக்குகள் இருக்கும். டிராம் விளக்கு எரிந்து நின்றது. ரேமே இல்லாதபோது அப்படித்தான் எரிய வேண்டும். போர்டு ரேமைத் தேடுகிறது, கிடைக்கவில்லை என்று சொல்கிறது. அடி வாங்கிச் செத்த போர்டு இப்படிப் பேசாது. முதல் நம்பிக்கை அங்கே வந்தது.

இரண்டாவது சோதனை: பழைய ரேம் ஒன்றை மட்டும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் துளையில் போட்டோம். பெரும்பாலான நான்கு துளைப் போர்டுகளில் இதற்கு ஏ2 என்று பெயர். ஒரே ரேம் என்றால் ஏ2, இரண்டு என்றால் ஏ2-வும் பி2-வும், அதாவது இரண்டாவதும் நான்காவதும். உங்கள் போர்டின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து நேராக அழுத்தினோம். "க்ளிக்" என்றது. ஆன் செய்தோம்.

திரை வந்தது!

"மாமா, நேத்து இதே ரேம்தானே மாமா?" என்று கேட்டான். எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அவன் போர்டில் துளைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி. கொக்கி இல்லாத பக்கம் பழைய ரேம் ஒரு மயிரிழை மேலே தூக்கி நின்றது. முந்தின இரவு புது ஜோடியை இழுத்துக் கழற்றியபோது பக்கத்தில் இருந்ததும் அசைந்திருக்கிறது. "புதுசு பழசையும் கெடுத்துவிட்டது" என்று நான் கொடுத்த தீர்ப்பின் பாதி அங்கேயே உடைந்தது.

மூன்றாவது சோதனை: அதே துளையில் நான்கு ரேமையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். பழையது இரண்டும் ஓடின. கிள்ளானிலிருந்து வந்த இரண்டும் ஓடின. நான் எதுவும் பேசவில்லை. அக்கா மகனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காவது சோதனை: நல்லது என்று தெரிந்த ஒரே ரேமை நான்கு துளைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். எல்லாத் துளையும் வேலை செய்தது. உங்களுக்கு ஒரு துளையோ ஒரு பக்கத்து இரண்டு துளைகளோ வேலை செய்யவில்லை என்றால், அங்கே தூசி இருக்கிறதா, பிராசஸரின் முனை வளைந்திருக்கிறதா, குளிர்விப்பானை ஒரு பக்கமாக இறுக்கிவிட்டீர்களா என்று பார்க்க வேண்டும். கூலர் திருகைச் சமமாக இறுக்காவிட்டால்கூட ஒரு பக்க ரேம் காணாமல் போகும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. சாமி அறைக்குப் பக்கத்தில் கணினி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். சாம்பிராணிப் புகையும் விபூதித் தூளும் காற்றாடி வழியாக உள்ளே போய்ப் படியும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். ரேமின் தங்க முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

ஐந்தாவது சோதனை: பழைய ஜோடி ஏ2, பி2-வில். ஓடியது. புது ஜோடி அதே இடத்தில். ஓடியது. நான்கும் சேர்ந்து? மறுபடி கறுப்புத் திரை, டிராம் விளக்கு.

தனித்தனியாக நால்வரும் நல்லவர்கள். சேர்ந்தால் ஓடவில்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நாலு பேர் சேர்ந்தால் வேகம் குறையும்

நம்ம உறுமி மேளக் குழுவை நினைத்துப் பாருங்கள். ரொம்ப நாள் சேர்ந்து பழகிய இரண்டு பேர் மிக வேகமான தாளத்தையும் பிசகாமல் அடிப்பார்கள். வேறு குழுவிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து, முதல் நாளே அதே வேகத்தில் அடிக்கச் சொன்னால் என்ன ஆகும்? நால்வரும் கெட்டிக்காரர்கள்தான், ஆனாலும் தாளம் சிதறும். கொஞ்சம் நிதானமாகத் தொடங்கினால் நான்கு உறுமியும் ஒன்றாகக் கேட்கும்.

ரேமிலும் இதே கதை. அவன் பழைய ஜோடியில் 3200 என்று எழுதியிருந்தது, புதியதில் 3600. பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் அந்த வேகம் ரேமின் இயல்பான வேகம் அல்ல. பயோஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் போட்டு, வழக்கமான 1.2 வோல்ட்டுக்குப் பதிலாக 1.35 வோல்ட் போலக் கொடுத்து அடைகிற வேகம் அது. ஒரே பெட்டியில் வரும் ஜோடியைத்தான் அந்த வேகத்துக்குச் சேர்த்துச் சோதித்து விற்கிறார்கள். வேறு வேறு ஜோடியைக் கலந்தால் அந்த உறுதி கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கத்தில் இருக்கும் இரண்டு துளைகளும் ஒரே செப்புக் கோடுகளைப் பங்கிடுகின்றன. இரண்டிலும் ரேம் இருந்தால் அந்தக் கோட்டில் சுமை கூடும், சமிக்ஞை தெளிவாகப் போய்ச் சேராது. பிராசஸர் செய்தவர்களே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி தரும் அட்டவணையில், இரண்டு ரேம் என்றால் 3200, ஒற்றை வரிசைச் சில்லுள்ள நான்கு ரேம் என்றால் 2933, இரட்டை வரிசைச் சில்லுள்ள நான்கு என்றால் 2667. டிடிஆர்5 போடும் ரைசன் 7000 வரிசையில் வித்தியாசம் இன்னும் பெரிது: இரண்டுக்கு 5200, நான்குக்கு 3600.

அக்கா மகன் பயோஸில் 3200 எக்ஸ்.எம்.பி. ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான். நாங்கள் நான்கு ரேமைப் பூட்டி, பழைய வேகத்திலேயே எழுந்திரு என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தோம்.

சரிசெய்த விதம்

பிளக்கைக் கழற்றி, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்தோம். இதைச் சிமோஸ் அழிப்பது என்பார்கள். சில போர்டுகளில் இதற்கென்று இரண்டு முள்ளோ பொத்தானோ இருக்கும். இதைச் செய்தால் பயோஸ் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும், தேதியும் மாறும். விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நான்கு ரேமையும் பூட்டி ஆன் செய்தோம். தானாக அணைந்து எழுந்தது, மறுபடி அணைந்து எழுந்தது. கை பரபரத்தாலும் பொத்தானைத் தொடவில்லை. அந்த நேரத்தில் போர்டு ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டிடிஆர்5 கணினி முதல்முறை எழ பல நிமிடங்கள்கூட ஆகலாம். "செத்துப்போச்சு" என்று நடுவில் மின்சாரத்தை நிறுத்துகிறவர்கள் நிறைய பேர்.

திரை வந்தது. 32 ஜிபி. வேகம் 2666.

பிறகு கையால் 2933 போட்டோம், எழுந்தது. 3200-ஐவிட இது சுமார் 8 சதவீதம்தான் குறைவு. ரேம் போதாமல் பாதியில் நின்றுபோகும் வேலைக்கு முன்னால் அந்த 8 சதவீதம் ஒரு பொருட்டே இல்லை.

எழுந்துவிட்டது என்பதால் வேலை முடியவில்லை. அரைகுறையாக ஒத்துப்போகும் ரேம், எழுந்த பிறகு கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும். மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை யு.எஸ்.பி.யில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டோம். பிழை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று வந்தாலும் தோல்விதான், வேகத்தை இன்னும் ஒரு படி இறக்கிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பார்த்தபோது எங்களுக்குப் பூஜ்யம். புதன்கிழமை மதியம் அவன் வேலையை ஒப்படைத்தான்.

மிச்சமிருந்த வேலை

ஒன்று பாக்கி இருந்தது. திங்கட்கிழமை மாலையே கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறி, மாமனும் மருமகனும் கிள்ளானுக்குப் போனோம். போன் செய்து காசைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் திட்டியது நான். நேரில் போவதுதான் முறை என்று பட்டது.

ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் அந்தத் தம்பி காத்திருந்தான். தன் அப்பாவையும் கூட்டி வந்திருந்தான். நாங்கள் சண்டைக்கு வருகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். அது எனக்குச் சுருக்கென்றது. 120 வெள்ளியைக் கொடுத்து, "ரேம் நல்லா இருக்குப்பா. தப்பு என்மேல. மன்னிச்சிடு" என்றேன். அவன் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பரீட்சைக் கட்டணம் கட்டத்தான் வித்தான், தம்பி. அன்னைக்கு ராத்திரி உங்களுக்குத் திருப்பிக் கொடுக்க கூட்டாளிகிட்ட கடன் வாங்கினான்."

நான் பதில் சொல்ல வார்த்தை இல்லாமல் நின்றேன். அந்தத் தம்பிதான் பேச்சை மாற்றினான்: "எந்த ஸ்பீட்ல ஓடுது அண்ணே?"

"2933."

"ஆமா அண்ணே, நாலு போட்டா அவ்வளவுதான் வரும்" என்றான். அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

நோயின் மூலத்தைத் தேடிவிட்டு மருந்து கொடு என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் சொன்னதைப் பள்ளிப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஒரு கறுப்புத் திரைக்கு முன்னால் அது ஞாபகத்துக்கு வரவில்லை. தம்பி தங்கைகளே, ஒரு பொருளைப் பழுது என்று சொல்ல ஐந்து சோதனை வேண்டும். ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்ல எத்தனை வேண்டும்?

இந்த மாதப் பயிற்சி

குழுவாக உட்கார்ந்து பேசுங்கள். விடையோடு காரணத்தையும் எழுதி வாருங்கள்.

1. ஒரு ரேம் மூன்று துளைகளில் ஓடுகிறது, ஒன்றில் மட்டும் ஓடவில்லை. சந்தேகம் ரேம் மேலா, வேறு எதன் மேலா?

2. ரேம் கூட்டிய பிறகு கணினி எழுகிறது, ஆனால் வேலை நடுவில் நீலத் திரை வருகிறது. முதலில் எந்தச் சோதனை? எந்த அமைப்பை மாற்றுவீர்கள்?

3. புதிதாகப் பூட்டிய டிடிஆர்5 கணினி மூன்று நிமிடமாகக் கறுப்பாக இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

4. 32 ஜிபி வேண்டும் என்று முதலிலேயே தெரிந்தால், 8 ஜிபி நான்கு வாங்குவதா, 16 ஜிபி இரண்டு உள்ள ஒரே ஜோடி வாங்குவதா? ஏன்?

அடுத்த வகுப்புக்கு ஒரு ஸ்குரூ டிரைவரும் நோட்டும் கொண்டு வாருங்கள். கிள்ளான் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பாடம் அவன் எடுப்பான், நான் உங்களோடு உட்கார்ந்து கேட்கப்போகிறேன்.